ஷிப்டுக்குத் திறக்கும் இரவு

நள்ளிரவு தாண்டி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கம்பெனி பஸ்கள் வரிசைகட்டிப் போகும். உள்ளே, கழுத்தில் அடையாள அட்டையோடு ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். எதிரே வரும் பஸ்ஸில் அடுத்த ஷிப்டுக்குப் போகிறவர்கள். இந்தியாவில் பதிவுபெற்ற ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். முதலீட்டாளர் மாநாடுகளில் இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட நியாயமும் இருக்கிறது.

அவர்களைவிடச் சில வயது மூத்த பெண் ஒருத்தி ஒரு பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாக்டீரியா வளரும் வேகத்தைக் கணக்கிட அரை மணிக்கு ஒருமுறை மாதிரி எடுத்து அளக்க வேண்டும். நடுவில் விட்டால் மொத்தமும் வீண், மறுநாள் முதலிலிருந்து. பகலில் கருவி காலியாக இருக்காது. எம்.எஸ்சி. செய்முறை வகுப்பு ஒரு பக்கம், சீனியர்கள் ஒரு பக்கம். அவள் கைக்கு அது வரும்போது மாலை 5 மணி. விடுதி கேட் மூடுவது 6.30-க்கு. தாமதமாக வர வேண்டுமென்றால் கைடு கையெழுத்திட்ட கடிதம் வேண்டும், வார்டன் ஒப்ப வேண்டும், சில இடங்களில் அப்பா வேறு போனில் வந்து 'சரி' என்று சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயதில், ஓட்டுரிமை வந்து ஏழு ஆண்டு கழித்து! பக்கத்து மேஜையில் வேலை செய்யும் ஆண் ஸ்காலர் இரவு 1 மணிக்கு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து அடுத்த மாதிரியை எடுக்கிறான். அவனிடம் யாரும் கடிதம் கேட்பதில்லை. நான்கைந்து ஆண்டு கழித்து இருவரும் ஒரே நேர்முகத் தேர்வுக்குப் போவார்கள். அங்கே எண்ணப்படுவது கட்டுரைகளின் எண்ணிக்கை. கேட் மூடிய நேரம் எந்த விண்ணப்பத்திலும் இருக்காது.

பெண்ணின் கை தேவைப்படும் இடத்தில் இரவைப் பாதுகாப்பாக்க நம்மால் முடிகிறது. அவளுடைய மூளை தேவைப்படும் இடத்தில் அதே இரவைக் காட்டிப் பயமுறுத்துகிறோம். இதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருக்கிறோம். இது அக்கறை அல்ல, அநியாயம்.

ஆலைகளுக்கு இந்த இரவு தானாகத் திறந்துவிடவில்லை. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, பெண்களைக் காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணிக்குள் மட்டுமே வேலைக்கு வைக்கலாம் என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. வெறுமனே ரத்து செய்துவிட்டு ஒதுங்கவில்லை. வீட்டிலிருந்து அழைத்துவந்து திரும்பக் கொண்டுபோய்விட வாகனம், ஓய்வறை, பாலியல் தொல்லைக்கு எதிரான பாதுகாப்பு என்று நிபந்தனைகளையும் விதித்தது. இரவு ஆபத்தானதா இல்லையா என்று நீதிமன்றம் ஆருடம் பார்க்கவில்லை. அதைப் பாதுகாப்பாக்கும் பொறுப்பு யாருடையது என்று தீர்த்துச் சொன்னது. முதலாளிகளும் பஸ் விட்டார்கள். லாபம் இருந்தது, விட்டார்கள்.

கல்விக்கூடங்களுக்கும் விதி இல்லாமல் இல்லை. வளாகப் பாதுகாப்பு பற்றி பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த 'சக்‌ஷம்' பணிக்குழு 2013-இல் அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளிலும் எழுதப்பட்டிருக்கிறது: மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது. பத்தாண்டு ஓடிவிட்டது. எத்தனை துணைவேந்தர்கள் அதைப் படித்திருக்கிறார்கள்? படித்தவர்களில் எத்தனை பேர் கேட் நேரத்தைத் திருத்தினார்கள்? மீறியதற்காக ஒரு நிறுவனத்தின் மானியமாவது நிறுத்தப்பட்டதாகச் செய்தி படித்த நினைவு நமக்கு இல்லை.

கேரளத்தில் மாணவிகளே கேட்டார்கள். 2022-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள், 9.30 மணிக்கு மேல் விடுதியை விட்டு வெளியே போகக் கூடாது என்ற விதியை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். மருத்துவம் படிக்கிறவர்கள், இரவில் வார்டில் நோயாளி இருப்பார், நூலகம் திறந்திருக்கும். பிரச்சினை செய்வது ஆண்கள் என்றால் பூட்டி வைக்க வேண்டியது யாரை என்று நீதிபதி திருப்பிக் கேட்டார். ஆண், பெண் இரு விடுதிகளுக்கும் ஒரே விதி என்று அரசு இறங்கிவந்தது. கேட்டால் நடக்கிறது. ஆனால், கேட்பதற்கு மாணவி நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறது என்பதுதான் வெட்கக்கேடு.

பெற்றோரின் பயத்தை நாம் பழிக்கவில்லை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, மகளை விடுதிக்கு அனுப்பிய எந்தத் தாயும் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார். குற்றவாளிக்கு 2025 ஜூனில் குறைந்தது 30 ஆண்டுகள் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த வழக்கில் பிழை செய்தவன் வெளியிலிருந்து நுழைந்தவன். அவனை நுழையவிட்டது நிர்வாகம். இனி எந்த வளாகமானாலும் பூட்ட வேண்டியது அந்த வழியைத்தான், விடுதிக் கதவை அல்ல.

இந்தக் குழப்பத்தின் உச்சத்தைக் கொல்கத்தாவில் பார்த்தோம். 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். முப்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்ப்பவர் படுக்க ஓர் அறை இல்லாமல் கருத்தரங்கக் கூடத்தில் ஓய்வெடுத்தவர் அவர். மேற்கு வங்க அரசு வெளியிட்ட யோசனைகளில் ஒன்று, முடிந்தவரை பெண் மருத்துவர்களுக்கு இரவுப் பணி தராமல் தவிர்க்கலாம் என்பது. பெண்களுக்கு வேண்டியது சலுகை அல்ல, பாதுகாப்பு என்று உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகே அந்த வரி விலகியது. கொலை நடந்த இடத்தில் பாடம் கற்கச் சொன்னால், கொல்லப்பட்டவரின் தோழிகளை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள்.

நாடு என்ன இழக்கிறது என்று கணக்குப் பார்ப்போம். உயர்கல்விக்கான அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் அறிவியல் பிரிவுகளில் 29.8 லட்சம் பெண்கள் படித்தார்கள், ஆண்கள் 27.4 லட்சம்தான். முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தவர்களிலும் கிட்டத்தட்ட பாதிப்பேர் பெண்கள். ஆனால், ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பணியில் நேரடியாக ஈடுபட்டிருப்பவர்களை எண்ணினால் ஐந்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. மற்றவர்கள் எங்கே போனார்கள்? எல்லாப் பழியையும் விடுதி கேட் மேல் போட மாட்டோம். கல்யாணம், பிள்ளைப்பேறு, கணவரின் இடமாற்றம், 35-இல் வந்து நிற்கும் வயது வரம்பு என்று காரணங்கள் பல. ஆனால், மற்றவையெல்லாம் குடும்பமும் சமூகமும் மாற வேண்டிய விஷயங்கள், காலம் எடுக்கும். கேட் நேரம் ஒரு சுற்றறிக்கையில் மாறிவிடும். அதைக்கூடச் செய்யாதவர்கள் மற்றதைச் செய்வார்கள் என்று எப்படி நம்புவது?

2047-க்குள் வளர்ந்த நாடு என்று மேடைதோறும் பேசுகிறோம். ஆராய்ச்சிக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் செலவிடும் நாடு இது. தென் கொரியா 5 சதவீதத்தை நெருங்குகிறது. போதாது என்று உணர்ந்துதான் 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை, ஆராய்ச்சிக்கும் புத்தாக்கத்துக்கும் 1 லட்சம் கோடி ரூபாய் நிதிக்கு ஒப்புதல் தந்தது. நல்லது. அந்தப் பணத்தில் கருவி வாங்கலாம், கட்டடம் எழுப்பலாம். பயிற்சி பெற்றவர்களில் பாதிப்பேரை மாலையோடு அனுப்பிவிட்டு, கோடி ரூபாய் கருவியை இரவெல்லாம் சும்மா வைத்திருப்பதற்கா அது?

இரவில் பெண்களால் முடியாது என்று இன்னமும் முணுமுணுப்பவர்கள் 2013 டிசம்பர் 1-ஐப் பார்க்கட்டும். மங்கள்யான் விண்கலத்தை பூமியின் பிடியிலிருந்து விடுவித்துச் செவ்வாயை நோக்கித் திருப்பிய இயந்திரம் இயக்கப்பட்டது நள்ளிரவு 12.49-க்கு. அந்தத் திட்டத்தின் செயல்பாட்டுத் துணை இயக்குநர்கள் ரித்து கரிதாலும் நந்தினி ஹரிநாத்தும். கோள்கள் வார்டனைக் கேட்டுச் சுற்றுவதில்லை.

1933-இல் கமலா சோஹோனி பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர வந்தபோது, பெண் என்பதற்காகவே சி.வி.ராமன் மறுத்தார். விடாமல் நின்றதால், ஓராண்டு சோதனை முறையில், ஆண்களின் கவனம் சிதறக் கூடாது என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார். கமலா பின்னர் 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த அவமானத்தைக் கடைசிவரை மறக்கவும் இல்லை. நோபல் பரிசு பெற்றவரே ஆனாலும் அது தவறு என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். இன்றைய பதிவாளர்கள் அதையே நாகரிகமான மொழியில் செய்யும்போது மட்டும் ஏன் வாயடைத்துப்போகிறோம்?

வார்டன்களைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் சாவிக்கொத்தைச் சுமப்பவர்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள் துணைவேந்தர்கள், ஆட்சிக்குழுக்கள், விதியை எழுதிவிட்டு உறங்கும் மானியக் குழு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தந்து அரசுப் பள்ளி மாணவியைக் கல்லூரிக்கு அனுப்பும் தமிழ்நாடு அரசும், தன் கட்டுப்பாட்டில் உள்ள பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை இந்தக் கூண்டிலிருந்து தப்ப முடியாது. அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் அரசு கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண், பெண் விடுதிகளின் கேட் நேரத்தை அருகருகே எழுதி வெளியிடட்டும். வேறுபாடு இருந்தால் காரணம் சொல்லட்டும். ஆய்வகத்திலிருந்து விடுதிக்கு இரவு 2 மணி வரை ஒரு வேன், வழியெல்லாம் விளக்கு, பெண் காவலர்கள். இவற்றுக்கான செலவை ஆய்வுத் திட்டங்களில் நிறுவனம் பிடித்துக்கொள்ளும் மேல்செலவுத் தொகையிலிருந்தே எடுக்கட்டும். செய்யாத நிறுவனத்துக்குப் புதிய கருவிக்கான நிதியை நிறுத்திவையுங்கள்.