குட்டிக் காருக்கும் பெரிய ஜாக்கிரதை வேண்டும்

பையன் கார் கேட்கிறான். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைக் கார் அல்ல. தூரத்தில் நின்று ரிமோட்டால் ஓட்டுகிற, எஞ்சின் வைத்த கார். 'நைட்ரோ கார்' என்கிறார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் ஓடும். அதைத் தாண்டுகிற கார்களும் உண்டு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்தில் தோல் ஷெட்டிலும் ஷூ கம்பெனியிலும் உழைக்கும் குடும்பங்களுக்கு இது சின்னச் செலவு அல்ல. ஆசை தவறு என்று நாம் சொல்ல மாட்டோம். ஒரு எஞ்சினைக் கழற்றி மாட்டத் தெரிந்த பையன் வீண் போக மாட்டான். ஆனால் எதில் காசை மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்று பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

காரில் மிச்சம் பிடிக்கலாம். பழைய காரே போதும். எஞ்சின் ஆறியிருக்கும்போது அதன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிஸ்டன் மேலே வரும்போது இறுக்கிப் பிடிக்க வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் எஞ்சின் தேய்ந்துவிட்டது. உதிரி பாகம் கிடைக்காத காரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு கார் வாங்குவதும் நல்ல யோசனைதான். சின்னப் பிள்ளைகளுக்கோ பாட்டரி கார் போதும்.

இந்த எஞ்சின் 2 சி.சி. முதல் 3.5 சி.சி. வரைதான். ஆனால் நிமிஷத்துக்கு 30 ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும்! ஸ்பார்க் பிளக் கிடையாது. 'குளோ பிளக்' உண்டு. அதில் பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள் இருக்கிறது. சிறு பாட்டரியால் அதைச் சூடாக்கி எஞ்சினைக் கிளப்ப வேண்டும். கிளம்பிய பிறகு பாட்டரி வேண்டாம். கம்பி தானே கனன்று கொண்டிருக்கும்.

பெட்ரோல் இதற்கு ஆகாது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருள்தான் வேண்டும். 75 மில்லி டாங்க் என்றால் ஒரு லிட்டரில் 13 தடவை நிரப்பலாம். ஒரு டாங்க் 8 அல்லது 10 நிமிஷம் ஓடும். ஆக, ஒரு லிட்டருக்கு இரண்டு மணி நேர விளையாட்டு. புது எஞ்சினானால் முதல் நாலைந்து டாங்க் மெதுவாக ஓட்டிப் பழக்கவே போய்விடும். கடையில் காரின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்.

ஓட்டும் இடமும் முக்கியம். பாலாற்று மணல் வேண்டாம். பொடி மணல் எஞ்சினுக்குள் போனால் அதோடு சரி. தெருவும் கூடாது. 2 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், நாலு மாடி உயரத்திலிருந்து 2 கிலோ கல் விழுந்த மாதிரி! அனுமதி வாங்கி, ஆளில்லாத மைதானத்தில் ஓட்டட்டும். சிக்னல் அறுந்தால் தானே பிரேக் போடும் 'ஃபெயில் சேஃப்' இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எரிபொருளில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கிய விஷ சாராயத்தில் கலந்திருந்தது இதே மெத்தனால்தான். மலிவாகக் கிடைக்கிறதென்று மெத்தனால் வாங்கி வீட்டில் கலக்கும் வேலையே வேண்டாம். தமிழ்நாட்டில் அதற்கு 1959ஆம் ஆண்டிலிருந்தே விதிகள் உண்டு. உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். கலந்து விற்கும் எரிபொருளையும் மதுவிலக்கு ஆயத்தீர்வை அலுவலகத்தில் விசாரித்து, ரசீதோடு வாங்குங்கள்.

தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்கு ரசாயனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இது சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் போட்டு வருகிறது. சோடா பாட்டிலில் ஊற்றி வைத்தால் குழந்தை சர்பத் என்று நினைக்கும். வந்த டப்பாவிலேயே, பூட்டிய பெட்டியில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். பகலில் மெத்தனால் தீப்பிடித்தால் சுவாலைகூடச் சரியாகத் தெரியாது.

தப்பித் தவறி யாராவது குடித்துவிட்டால் முதல் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். பிறகுதான் கண் மங்கும். காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். உள்ளே போனது என்ன என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.