விடுதிக்குச் சுருங்கும் எல்லை. மீனவருக்கு மாறாத தடை

புது தில்லி: வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய கடற்கரையில் விடுதி கட்ட முனைபவர் இரு தூரங்களை அளந்தாக வேண்டும். ஒன்று கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து. மற்றொன்று சரணாலய எல்லையிலிருந்து. அண்மை ஆண்டுகளில் இவ்விரு அளவுகளுமே தளர்ந்துள்ளன. கடற்கரைக்கான தளர்வு நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்புக்கு வராமல், அறிவிக்கை வாயிலாகவே நடைமுறைக்கு வந்தது.

1991-ம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, ஊரகக் கடற்கரைகளில் 200 மீட்டர் வரை புதிய கட்டுமானங்களைத் தடுத்தது. 2019 ஜனவரியில் வெளியான புதிய அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊரகப் பகுதிகளில் இதை 50 மீட்டராகக் குறைத்தது. மக்கள் அடர்த்தி குறைந்த இடங்களில் 200 மீட்டர் தடை நீடித்தாலும், உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளித் தற்காலிகச் சுற்றுலா வசதிகளை அமைக்க வழி திறக்கப்பட்டது.

நீதிமன்றமும் நாடாளுமன்றமும்

சரணாலயங்களைச் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டருக்குச் சூழல் உணர்திறன் மண்டலம் இருக்க வேண்டும் என 2022 ஜூன் 3-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேரளத்தில் விவசாயிகள் கொதித்தெழுந்தனர். மத்திய அரசும் சில மாநிலங்களும் மறுபரிசீலனை கோரின. 2023 ஏப்ரல் 26-ல் நீதிமன்றம் தனது உத்தரவைத் திருத்தியது. நாடு முழுமைக்கும் ஒரே அளவு பொருந்தாது என்ற வாதம் ஏற்கப்பட்டது; சுரங்கத் தொழிலுக்கான தடை மட்டும் ஒரு கிலோமீட்டராக நீடித்தது.

அதே ஆண்டில் வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா வந்தது. வனப் பணித் திட்டத்தில் இடம்பெறும் சூழல் சுற்றுலா வசதிகளுக்கு அது விலக்களித்தது. ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நிலைக்குழுவுக்கு அனுப்பாமல், கூட்டுக் குழுவுக்கு மசோதா அனுப்பப்பட்டது. அக்குழு எந்த மாற்றமும் பரிந்துரைக்கவில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மறுப்புக் குறிப்பு அளித்தனர். மணிப்பூர் விவகார அமளிக்கிடையே ஜூலை 26-ல் மக்களவையிலும், ஆகஸ்ட் 2-ல் மாநிலங்களவையிலும் மசோதா நிறைவேறியது.

பிதர்கனிகாவின் பாடம்

இதன் விளைவை எடைபோட ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டம் தக்க களம். 1,800-க்கு மேற்பட்ட உவர்நீர் முதலைகள் வாழும் பிதர்கனிகா தேசியப் பூங்காவும், சிற்றாமைகள் கூட்டம் கூட்டமாக முட்டையிடும் கஹிர்மாதா கடல்சார் சரணாலயமும் இங்கு அடுத்தடுத்து உள்ளன. 1997-ல் அறிவிக்கப்பட்ட கஹிர்மாதாவின் பரப்பு 1,435 சதுர கிலோமீட்டர்.

ஆமைகளுக்காக ஒடிசாவின் தாம்ரா, தேவி, ருசிகுல்யா முகத்துவாரங்களை ஒட்டி நவம்பர் 1 முதல் மே 31 வரை, கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை மீன்பிடிப்புக்குத் தடை விதிக்கப்படுகிறது. ஏழு மாத வருவாயை இழப்பவர்கள் மீனவர்கள். அந்த மாதங்களில்தான் சுற்றுலாப் பருவமும் உச்சத்தை எட்டுகிறது.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான தொடுவானத்தை நோக்கி நகர்பவை. கரையோர விளக்குகள் அவற்றைக் கடலுக்குப் பதிலாக நிலத்தின் பக்கம் இழுத்துவிடும். சரணாலயத்துக்குள் கட்டுமானம் தடுக்கப்பட்டாலும், வெளிச்சம் எல்லைக் கோட்டைப் பார்த்து நிற்பதில்லை.

கோடும் நிலையானதல்ல. இதே மாவட்டத்தின் சதபாயா கிராமத்தைக் கடல் விழுங்கியதால், அங்கிருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பாகபாட்டியாவுக்குக் குடிபெயர்க்கப்பட்டன. இன்று 200 மீட்டரில் எழும் கட்டடம் சில ஆண்டுகளில் அலையின் விளிம்புக்கு வந்துவிடலாம். பின்னர் கல்சுவர் கோரிக்கை எழும். அது ஆமைகளின் மணல்வெளியை மேலும் குறுக்கும்.

சுற்றுலாவே கூடாது என்பதல்ல வாதம். ஒடிசா வனத்துறையின் இயற்கை முகாம்கள் உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் நடத்தப்படுகின்றன. முதலைகளின் இனப்பெருக்கக் காலமான மே முதல் ஜூலை வரை பிதர்கனிகா பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது. கட்டுப்பாட்டுடன் வருவாய் ஈட்ட முடியும் என்பதற்கு இவை சான்று. தனியார் விடுதிகளுக்கும் விளக்கு, கழிவுநீர், பருவம் ஆகியவற்றில் இதே கண்டிப்பு தேவை.

அடுத்த தளர்வு அறிவிக்கையாக வெளிவரும் முன்பே அது நிலைக்குழுவிலும் கிராம சபைகளிலும் விவாதிக்கப்பட வேண்டும். மீனவரின் வலைக்கு ஏழு மாதம் பூட்டுப் போடும் அரசு, விடுதியின் விளக்குக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தால், பாதுகாப்பின் சுமை ஏழைகளின் தோளிலேயே விழும்.