வாக்கெடுப்பு இல்லாத மாநாடு

2023 டிசம்பரில் துபாயில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டுக்கு நேரில் வந்தவர்கள் 80,000 பேருக்கும் மேல். தலைமை தாங்கிய சுல்தான் அல் ஜாபர், அபுதாபியின் அரசு எண்ணெய் நிறுவனத்தையும் நடத்துபவர். 2025இல் மாநாடு நடந்த பிரேசிலின் பெலெம் நகரில் தங்குவதற்கு அறைகள் போதாமல் சொகுசுக் கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். புகையைக் குறைப்பது பற்றிப் பேச இவ்வளவு பேர் விமானம் ஏற வேண்டுமா என்று படிப்பவர்கள் சலித்துக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் கேலிக்கு எளிதில் அகப்படுபவைதான் கூட்டமும் கப்பலும். கோளாறு இருப்பது வேறு இடத்தில்.

1995இல் பெர்லினில் முதல் மாநாடு கூடியபோது, வாக்கெடுப்பு பற்றிய 42ஆவது நடைமுறை விதியில் உடன்பாடு ஏற்படவில்லை. பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்பட சவூதி அரேபியா உள்ளிட்ட எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் சம்மதிக்கவில்லை. அந்த விதி இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. எல்லா முடிவும் கருத்தொற்றுமையில்தான் எடுக்கப்படுகிறது. ஊர் கூடித் தேர் இழுக்கப் போய், தேர் நகரவே கூடாது என்பவரின் சம்மதத்துக்கும் காத்து நிற்பதைப் போல!

விளைவு என்ன? நிலக்கரியைக் குறைப்பது பற்றி மாநாட்டு முடிவில் எழுத 2021 வரை, அதாவது 26ஆவது மாநாடு வரை ஆயிற்று. கிளாஸ்கோவில் அதையும் கடைசி நேரத்தில் நீர்த்துப்போகச் செய்தவர்களில் இந்தியா முன்னால் நின்றது. எண்ணெயையும் எரிவாயுவையும் விட்டுவிட்டு நிலக்கரியை மட்டும் குறிவைப்பதேன் என்ற அதன் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனாலும், ஒரு நாடு பிடித்துக்கொண்டால் மற்ற எல்லோரும் இறங்கி வர வேண்டும் என்பதை அன்று உலகமே பார்த்தது.

இத்தனைக்கும் நாடுகள் கூடிப் பேசி உருப்படியாக ஒன்றைச் சாதித்த வரலாறு பக்கத்திலேயே இருக்கிறது. அண்டார்டிகா மேலே ஓசோன் படலம் மெலிந்திருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1985இல் அறிவித்தார்கள். இரண்டே ஆண்டில், 1987 செப்டம்பரில், மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொடக்கத்தில் அதுவும் அரைகுறைதான்: குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன்களைப் பாதியாகக் குறைத்தால் போதும் என்றது. 1990இல் லண்டனில் அதை முழுத் தடையாக்கினார்கள். ஏழை நாடுகள் மாற்று ரசாயனங்களுக்கு மாற ஒரு நிதியமும் அங்கேயே உருவானது. அதற்குப் பிறகே சீனாவும் இந்தியாவும் சேர்ந்தன. முக்கியமாக, அந்த ஒப்பந்தத்தின்படி கருத்தொற்றுமை வராவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் கட்டுப்பாட்டை இறுக்கலாம். முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும். வாக்கெடுப்புக்கு வழி இருப்பதே பிடிவாதக்காரர்களைப் பேச வைத்துவிடும். ஓசோனைக் கெடுக்கும் ரசாயனங்களில் ஏறத்தாழ 99 சதவீதம் இன்று புழக்கத்தில் இல்லை. அண்டார்டிகா மேலே உள்ள படலம் 2066வாக்கில் பழைய நிலைக்குத் திரும்பும் என்பது ஐ.நா. மதிப்பீடு.

குளிர்பதன ரசாயனம் தயாரித்தவர்கள் சில நிறுவனங்களே, எண்ணெயும் நிலக்கரியும் அப்படியா என்று கேட்கலாம். சரிதான், இது பல மடங்கு கடினமான வேலை. அதனாலேயே விதி இன்னும் வலுவாக இருந்திருக்க வேண்டும்.

அப்படியானால் மாநாடுகளை மூடிவிடலாமா? வனுவாட்டுவைக் கேட்டால் கூடாது என்றே சொல்லும். கடல்மட்டம் உயர்வதால் நேரும் இழப்புக்கு ஈடு வேண்டும் என்று சிறு தீவு நாடுகளின் சார்பில் அது கேட்டது 1991இல். இழப்பு நிதியத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2022இல், எகிப்தின் ஷர்ம் அல் ஷேக்கில். அந்தக் கோரிக்கையோடு வளர்ந்த நாடுகளுக்கு எதிரே சமமாக உட்கார ஒரு தீவு நாட்டுக்கு வேறு மேசை ஏது? இதே மாநாடுகளில் உருவான பாரிஸ் ஒப்பந்தத்துக்கு முன் இந்த நூற்றாண்டில் பூமி ஏறக்குறைய 4 டிகிரி சூடாகும் என்று கணித்தார்கள். நடப்புக் கொள்கைகளின்படி இப்போது 2.8 டிகிரி என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம். சூரியத் தகடுகளின் விலைச் சரிவுக்கும் இதில் பெரும் பங்குண்டு என்றாலும், மாநாடுகளை வெறும் வெட்டிப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

பெலெமில் எண்ணெய், நிலக்கரி, எரிவாயுவைக் கைவிட ஒரு செயல்திட்டம் வேண்டும் என்று 80க்கும் மேற்பட்ட நாடுகள் கேட்டன. வாக்கெடுப்பு இருந்திருந்தால் அந்தக் கூட்டணியின் பலம் தெரிந்திருக்கும். இல்லாததால் இறுதித் தீர்மானத்தில் அது இடம்பெறவே இல்லை. கொலம்பியாவும் நெதர்லாந்தும் அதற்காகக் காத்திருக்கவில்லை. விருப்பமுள்ள நாடுகளை மட்டும் 2026 ஏப்ரலில் சாந்தா மார்த்தாவில் கூட்டுவதாக அங்கேயே அறிவித்தன. சாந்தா மார்த்தா கொலம்பியாவின் நிலக்கரியை ஏற்றுமதி செய்யும் துறைமுகம். இழப்பதற்கு ஏதாவது உள்ள ஒரு நாடே இதை முன்னின்று நடத்த வந்திருப்பதுதான் எண்பதாயிரம் பேர் கூடிய துபாயில் காணக் கிடைக்காதது.