தீவு என்ன, கேட்பாரற்ற புறம்போக்கா?

பெண்ணாடத்து ஆலைத் தொழிலாளிக்கும், வெள்ளாற்றங்கரையில் கரும்பு வெட்டும் விவசாயத் தொழிலாளிக்கும், வங்கக் கடலுக்கு அப்பால் கிடக்கும் ஒரு தீவின் ஆமைக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம்? "கூலி உயர்வு கேட்கிறவனிடம் வந்து ஆமைக் கதை சொல்கிறார்களே!" என்று சிலர் கேலி பேசுகிறார்கள். சம்பந்தம் இருக்கிறது என்கிறோம் நாம். தலைமுறை தலைமுறையாக ஆண்டு அனுபவித்த மண்ணை, "காகிதத்தில் உன் பெயர் இல்லை, இது புறம்போக்கு" என்று சொல்லிப் பிடுங்கிக்கொள்ளும் வித்தை நமக்குப் புதிதல்ல. அதே வித்தைதான் இப்போது ஒரு தீவு முழுவதின் மீதும் நடக்கிறது.

அந்தத் தீவு பெரிய நிக்கோபார். சென்னையிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல். இந்தியாவின் தென்கோடி அதுதான். அங்கிருந்து இந்தோனேஷியாவின் சுமத்ரா 200 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தீவின் மொத்தப் பரப்பு சுமார் 910 சதுர கிலோமீட்டர். 2011 ஜனக் கணக்குப்படி அங்கே வசித்தவர்கள் சுமார் 8,000 பேர்.

என்ன திட்டம்?

பெரும் சரக்குப் பெட்டித் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், ஒரு புது நகரம், எல்லாம் சேர்த்து 166 சதுர கிலோமீட்டரில் கட்டப் போகிறார்களாம். செலவு முதலில் 72,000 கோடி ரூபாய் என்றார்கள். பிறகு 81,000 கோடியைத் தாண்டியது. 8,000 பேர் வாழ்ந்த இடத்தில் காலப்போக்கில் மூன்றரை லட்சம் பேரைக் குடியேற்றுவது யோசனை. இதற்காக 130 சதுர கிலோமீட்டர் காடு, நம் கணக்கில் 32,000 ஏக்கருக்கு மேல், போகிறது. வெட்டப்படும் மரங்கள் 9 லட்சத்து 64 ஆயிரம் என்று சர்க்காரே பாராளுமன்றத்தில் சொன்னது. 2022 அக்டோபரில் காட்டை எடுக்க முதற்கட்ட அனுமதி. அடுத்த மாதமே சுற்றுச்சூழல் அனுமதி. ஏழைக்கு ஒரு வீட்டுமனைப் பட்டா கிடைக்க எத்தனை வருஷம் ஆகிறது என்பதை நாம் அறிவோம். இவர்களுக்கு எத்தனை வேகம் பாருங்கள்!

அங்கே என்ன இருக்கிறது?

"ஒன்றுமில்லாத காடு" என்கிறார்கள். ஒன்றுமில்லையா?

642 மீட்டர் உயரமுள்ள துல்லியர் மலை. அதைச் சுற்றிலும் வருஷம் முழுவதும் பச்சை மாறாத மழைக்காடு. அதிலிருந்து இறங்கும் கலத்தியா, அலெக்சாண்ட்ரா, டாக்மர் என்ற ஆறுகள். கரையோரத்தில் தாழைக் காடு, முகத்துவாரங்களில் நம் பிச்சாவரத்தைப் போன்ற சதுப்பு நிலக் காடு, அதற்கப்பால் மணல் திட்டு, அதற்கும் அப்பால் பவளப் பாறை. ஒரு சின்னத் தீவுக்குள் இத்தனை விதமான வாசஸ்தலங்கள்!

நாற்புறமும் கடல் சூழ்ந்து தனித்துக் கிடந்ததால், வேறெங்கும் காணாத ஜீவராசிகள் அங்கே உருவாயின. மேகபோட் என்று ஒரு பறவை; நம் நாட்டுக்கோழி அளவு இருக்கும். அது அடைகாப்பதில்லை. மணலையும் இலைச் சருகையும் காலால் வாரிக் குவித்து ஒரு மேடு போடுகிறது, அதற்குள் முட்டையிடுகிறது. குப்பை மக்கும்போது எழும் சூடுதான் முட்டையைப் பொரிக்கிறது. எருக்குழியில் கை வைத்துப் பார்த்த விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிக்கோபார் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த இனம் இல்லை. அதன் மேடுகளோ பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியே இருக்கின்றன. துறைமுகத்துக்கு வேண்டியதும் அதே கரைதான்!

தீவின் தெற்கே கலத்தியா வளைகுடா. ஏழுவரி ஆமை முட்டையிட வரும் இடம் அது. உலகத்திலேயே பெரிய ஆமை அதுதான். 500 கிலோவையும் தாண்டும். கெட்டி ஓடு கிடையாது. தோல் போர்த்த முதுகில் ஏழு வரி ஓடும். நம் கடலூர்க் கரைக்கு வரும் பங்குனி ஆமை இதன் முன் குழந்தை. அந்தமானில் அடையாளம் பொருத்தி விடப்பட்ட ஏழுவரி ஆமைகள் ஆஸ்திரேலியா வரையிலும் ஆப்பிரிக்கக் கரை வரையிலும் நீந்திப் போயிருக்கின்றன. அத்தனை தூரம் போகிற ஜீவன் முட்டையிடத் தேடி வருவது அமைதியான, இருட்டான சில மணற்கரைகளைத்தான். அந்த வளைகுடாவின் வாயில் அலைதடுப்புச் சுவர் எழுப்பி, இரவெல்லாம் விளக்கெரித்து, ராட்சதக் கப்பல்களை ஓட்டினால் ஆமை எங்கே போகும்? முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு கடலின் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நகர்கிறது. கரையில் மின்விளக்கு எரிந்தால் கடலை விட்டுவிட்டு விளக்கை நோக்கிப் போய்ச் சாகும்.

1997ல் இந்த வளைகுடாவைச் சரணாலயமாக அறிவித்தது சர்க்கார். 2021 ஜனவரியில் அந்தச் சரணாலயத்தை ரத்து செய்தது. ஏறத்தாழ அதே சமயத்தில் அதே சர்க்கார் வெளியிட்ட கடல் ஆமைப் பாதுகாப்புத் திட்டத்தில் கலத்தியா வளைகுடா முக்கியமான இடம் என்று அச்சிட்டிருக்கிறது! ஒரு கையால் பட்டயம், மறு கையால் கோடாலி!

ஹரியானாவில் மரம் நட்டால் தீவு வருமா?

"வெட்டுவதற்கு ஈடாக மரம் நடுவோம்" என்கிறார்கள். எங்கே? ஹரியானாவில்! 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், மழை குறைந்த வறண்ட பூமியில். அங்கே நட்ட மரத்தில் நிக்கோபார் குரங்கு போய் ஏறுமா? மேகபோட் மேடு போடுமா? நம் வயலைப் பிடுங்கிக்கொண்டு, "ராஜஸ்தானத்தில் உனக்கு ஒரு மணல்மேடு தருகிறோம்" என்றால் நாம் சம்மதிப்போமா?

பவளத்துக்கும் இதே கதை. 16,000க்கு மேற்பட்ட பவளத் திரள்களைப் பெயர்த்து வேறிடத்தில் வைப்பார்களாம். ஆமைக்கும் மேகபோடுக்கும் பக்கத்துத் தீவுகளில் புதுச் சரணாலயங்கள் என்று அறிவித்தார்கள். ஆமை என்ன, சர்க்கார் உத்தரவைப் படித்துவிட்டு இடம் மாறும் குமாஸ்தாவா?

தீவின் ஜீவராசிகளுக்கு ஓடி ஒளிய இன்னொரு இடம் கிடையாது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் பசிபிக் கடலின் குவாம் தீவுக்கு அமெரிக்க ராணுவச் சரக்கோடு ஒருவகை மரப்பாம்பு வந்து சேர்ந்தது. சில பத்து வருஷங்களில் அந்தத் தீவின் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை அழிந்தன. ஒரு பாம்பு செய்த வேலை இது! மூன்றரை லட்சம் ஜனமும், உலகத்து எல்லாத் துறைமுகத்துச் சரக்கும் வந்து இறங்கினால் பெரிய நிக்கோபார் என்ன ஆகும்?

யாரைக் கேட்டார்கள்?

அந்தக் காட்டுக்குள் ஷோம்பென் என்ற ஆதிவாசிகள் வாழ்கிறார்கள். 2011 கணக்கில் 229 பேர். வேட்டையும் தாழம்பழமும் அவர்கள் ஜீவனம். வெளியாருடன் பெரும்பாலும் ஒட்டுறவு கிடையாது. சாதாரணக் காய்ச்சலே அவர்களைக் கூட்டத்தோடு கொண்டுபோகக் கூடும். 2024 பிப்ரவரியில் 13 நாடுகளைச் சேர்ந்த 39 அறிஞர்கள், இந்தத் திட்டம் ஷோம்பென் இனத்துக்கு மரண தண்டனை என்று ஜனாதிபதிக்கு எழுதினார்கள்.

கரையோரத்தில் வாழ்ந்த நிக்கோபாரிகளை 2004 டிசம்பர் 26 சுனாமி வாரிச் சென்றது. தப்பியவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். "எங்கள் பூர்வீக ஊர்களுக்குத் திரும்ப விடுங்கள்" என்று அன்று முதல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். விடவில்லை. அந்த ஊர்களின் நிலமும் திட்டத்துக்குள் வருகிறது என்று தெரிந்ததும், முன்பு கொடுத்த சம்மதத்தை 2022 நவம்பரில் அவர்களுடைய பழங்குடிக் கவுன்சில் வாபஸ் பெற்றது. அதற்குப் பின்னும் திட்டம் நிற்கவில்லை. சம்மதம் என்றால் இவர்களுக்கு வெறும் கைநாட்டுத்தான்!

நமக்கு இது புரியாதா? 2023 ஜூலையில் நமது கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்கத்துக்குக் கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரங்களை இறக்கினார்களே! "நிலம் எப்போதோ எங்கள் பெயருக்கு வந்துவிட்டது" என்றுதானே சொன்னார்கள்? அங்கே நெல், இங்கே காடு. நியாயம் ஒன்றேதான்.

வேலை என்ற தூண்டில்

"துறைமுகம் வந்தால் வேலை வருமே, தொழிலாளிக்காகப் பேசுகிற நீங்கள் எதிர்க்கலாமா?" என்று கேட்பார்கள். வேலை வேண்டும், அதைவிட முக்கியமான கோரிக்கை நமக்கு இல்லை. ஆனால் இது என்ன துறைமுகம்? ஒரு கப்பலில் வந்த பெட்டியை இறக்கி இன்னொரு கப்பலில் ஏற்றி அனுப்பும் இடம். பெரும்பாலான வேலையைப் பாரந்தூக்கி இயந்திரங்களே செய்யும். இதே வேலைக்காக 2011ல் கொச்சி வல்லார்பாடத்தில் ஒரு துறைமுகம் திறந்தார்கள். 2025ல் விழிஞ்ஞத்தைத் திறந்தார்கள். இரண்டும் இருக்க, மூன்றாவதாக ஒரு கன்னித் தீவை ஏன் பலியிட வேண்டும்? நெய்வேலிக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் நிரந்தர வேலை கேட்டு இன்றும் தெருவில் நிற்கின்றன. அவர்களைக் கேளுங்கள், வாக்குறுதிக்கு என்ன விலை என்று!

"தேசப் பாதுகாப்பு" என்று இன்னொரு மிரட்டல். அந்தத் தீவில் 2012 முதல் கடற்படைத் தளம் இருக்கிறது. அதை யாரும் எதிர்க்கவில்லை. லாபத்துக்குச் சரக்குப் பெட்டி மாற்றுவதும், உல்லாசப் பயணிகளுக்கு விடுதி கட்டுவதும் எந்தப் பாதுகாப்பு?

பூமியும் ஒரு சாட்சி சொல்லியிருக்கிறது. 2004 பூகம்பத்தில் அந்தத் தீவின் தென்முனை நான்கு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியது. கலங்கரை விளக்கத்தின் அடிவாரம் கடலுக்குள் நிற்கிறது. அந்த இடத்துக்கு அருகேதான் துறைமுகமும் நகரமும்! அன்று பிச்சாவரத்தில் தில்லையும் சுரபுன்னையும் அடர்ந்த காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் பிழைத்ததையும், மறைப்பில்லாத கரை பட்ட பாட்டையும் நம் மாவட்டம் கண்ணால் கண்டது. காடு வெறும் அலங்காரமல்ல; ஏழையின் அரண். அலை அடித்துப்போன கலத்தியா மணற்கரை மெல்ல மெல்லத் திரும்பி உருவாயிற்று. ஆமைகளும் திரும்பி வந்தன. கடல் எடுத்ததைக் கடலே திருப்பித் தந்தது. சிமெண்டு எடுத்தால் திருப்பித் தராது!

ஆகவே நாம் கேட்பது இதுதான்: கலத்தியா வளைகுடாவை மீண்டும் சரணாலயமாக்கு! நிக்கோபாரிகளை அவர்களுடைய பூர்வீக ஊர்களுக்குப் போகவிடு! ஷோம்பென் காட்டில் கை வைக்காதே! மூடி வைத்திருக்கும் நிபுணர் குழு அறிக்கைகளை ஜனங்கள் முன் வை!

ஆலை வாசலிலும் களத்து மேட்டிலும் இந்த விஷயத்தைப் பேசுங்கள், தோழர்களே! ஆமைக்கு ஓட்டு இல்லை. மேகபோடுக்கு மனுப் போடத் தெரியாது. ஷோம்பெனுக்குப் பத்திரிகை இல்லை. நமக்கு வாயும் இருக்கிறது, சங்கமும் இருக்கிறது. பட்டா இல்லாதவன் மண்ணெல்லாம் புறம்போக்கு என்ற அநியாயத்தை அந்தத் தீவில் ஒப்புக்கொண்டால், நாளை நம் ஊரில் அதை எதிர்க்க நமக்கு என்ன வாய் இருக்கும்?