பாடு இல்லாதவர்கள்

பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது, எந்நேரமும் கைபேசி. ஜனநாயகம் சீக்குப்பட்டதற்கு இதுதான் காரணம், கிராமத்து மனிதர்போல் கூடி வாழ்ந்தால் தேறிவிடும் என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். ஒட்டுறவு தேய்வதைப் பற்றி அமெரிக்கர் ராபர்ட் புட்னம் 2000-இல் எழுதிய நூலைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. ஒட்டுறவின் இருண்ட பக்கத்துக்கு அவரே தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அதுவரை இவர்கள் புரட்டுவதில்லை.

கட்டுக்கோப்பான ஊர் வேண்டுமென்றால் பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காட்டுக்கு வாருங்கள். ஏரியில் எவர், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்பதைக் குப்பத்தார் பாடு முறையில் சீட்டுப் போட்டு முடிவுசெய்கிறார்கள். மீன் படும் இடம் ஒருவருக்கே நிலைக்காது; முறை சுற்றி வரும். அரசு தலையிடாமல் தலைமுறைகளாக நடந்த ஏற்பாடு. ஆய்வாளர்கள் வியந்தார்கள், நானும் வியக்கிறேன்.

சரி, சீட்டில் யார் பெயர் இருந்தது? கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களின் ஆண்கள் பெயர். அப்பன் வழி வந்த உரிமை. அதே ஏரியில் இடுப்பளவு நீரில் அமிழ்ந்து, சேற்றைக் கையால் தடவி, பிடித்த இறாலைப் பல்லில் கவ்விய பறியில் போடுகிறாளே இருளர் பெண், அவளுக்குப் பாடு இல்லை. குப்பத்துப் பெண்கள் மீன் விற்கலாம், சீட்டெடுக்க முடியாது. இவர்களை அந்நியப்படுத்தியது கைபேசியா? ஊர் அவ்வளவு இறுக்கமாகக் கைகோத்து நின்றதால்தான் இவர்கள் வெளியே நின்றார்கள்.

ஊர் ஒன்றுபட்டதால்தானே பக்கத்திலிருக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விரிவாக்கத்தை எதிர்க்க முடிந்தது என்பீர்கள். உண்மை. 330 ஏக்கரை 6,111 ஏக்கராக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் குறித்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிப்போயின. அந்தப் போராட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நாளை இழப்பீடு என்று ஒரு கணக்கு எழுதினால் படகு ஏறும், வலை ஏறும். வெறுங்கையால் இறால் தடவியவளின் பிழைப்பு எந்தப் பத்தியில் ஏறும்?

அவள் குப்பத்துத் தலைவர்களின் அனுமதி கேட்காமல் பேச இடம் கொடுத்தது சட்டம்தான்: கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தச் சொல்லும் 2006-இன் சுற்றுச்சூழல் அறிவிக்கையும் ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய கிராம சபையும். ஊர் ஒற்றுமை பாடுகிறவர்கள் ஒரு கிராம சபைக்குப் போகட்டும். யார் எழுந்தால் கூட்டம் காது கொடுக்கிறது, யாரை உட்காரச் சொல்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பாடட்டும்.