தொட்டிலுக்குத் தகுதிச் சீட்டா?

போடிநாயக்கனூரில் கோழி கூவுமுன் ஜீப் வண்டிகள் கூவிவிடுகின்றன. தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கையில் தூக்குச்சட்டியுடன் பெண்கள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். போடிமெட்டைக் கடந்து இடுக்கி ஜில்லாவின் ஏலத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு அவர்கள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். குரங்கணி, கொட்டகுடி முதலிய மலையடி ஊர்களிலோ வண்டியும் இல்லை. காப்பிக்கும் மிளகுக்கும் ஏலத்துக்கும் தாய்மார் கால்நடையாகவே சரிவில் ஏறுகிறார்கள். இந்தப் பகற்பொழுது முழுவதும் அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எங்கே இருக்கின்றன, யார் பார்வையில் இருக்கின்றன என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று குறைகூறுவது நமது நோக்கமன்று. 1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி அங்கன்வாடித் திட்டம் தேசத்தில் தொடங்கிற்று. 1982 ஜூலை முதல் தேதி தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் பிறந்தது. 2006-ல் வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்கென மத்திய சர்க்காரின் காப்பகத் திட்டம் ஏற்பட்டது. 2022-ல் அது ஹிந்தியில் தொட்டில் எனப் பொருள்படும் 'பால்னா' என்ற பெயரைப் பெற்றது. தொட்டில்கள் கட்டப்பட்டுவிட்டன என்பதை மறுப்பாரில்லை. ஆனால் ஒவ்வொரு தொட்டிலின் பக்கத்திலும் ஒரு நிபந்தனை காவல் நிற்கிறது. சட்டப் புத்தகங்களோடு பழகியவர்கள் என்ற முறையில், அந்த நிபந்தனைகளிலுள்ள சில சொற்களை வாசகர்கள் முன் பிரித்து வைக்க விரும்புகிறோம். ஏனெனில், ஏழைக் குழந்தையின் பங்கு பெரும்பாலும் ஷரத்தில் அல்ல, ஷரத்தின் சொல்லுக்குக் கூறப்படும் பொருளிலேயே பறிபோகிறது.

முதற் சொல் 'தோட்டம்'. 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா ஆகியவற்றை எண்ணிற்று. அந்தப் பட்டியலில் ஏலம் இல்லை. 1981-ம் வருஷத்துத் திருத்தத்தில்தான் ஏலத்துக்கு அங்கே இடம் கிடைத்தது. அப்போதும் ஐந்து ஹெக்டேர் நிலமும் பதினைந்து பேர் வேலையும் இருந்தால்தான் அது சட்டத்தின் கண்ணுக்குத் தோட்டம். அச்சட்டம் போய், 2020-ம் வருஷத்துத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கின்றன. ஐந்து ஹெக்டேர் என்னும் வேலி மட்டும் அப்படியே நிற்கிறது. ஏலமலையிலோ சிறு தோட்டங்களே மிகுதி. இன்று ஒரு தோட்டத்திலும் நாளை மற்றொன்றிலும் காய் எடுக்கும் பெண் வருஷம் முழுவதும் உழைத்தும், சட்டம் சொல்லும் 'தோட்டத்தில்' ஒரு நாளும் கால் வைக்காதவளாகிறாள்.

இரண்டாவது சொல் 'ஐம்பது'. பழைய சட்டம் ஐம்பது பெண் தொழிலாளர் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1981-ல் அத்துடன் மற்றொரு வழியையும் திறந்து வைத்தார்கள்: பெண்கள் ஐம்பதுக்குக் குறைந்தாலும், அவர்களுடைய குழந்தைகள் இருபது பேர் இருந்தால் போதும். இது பெரிய நியாயம். காப்பகம் குழந்தைக்காகத்தானே? ஆகவே குழந்தையை எண்ணினார்கள். புதிய தொகுப்போ ஆணும் பெண்ணுமாக, ஒப்பந்தக்காரரின் ஆட்களையும் சேர்த்து, ஐம்பது தொழிலாளர் என்று கணக்கிடுகிறது. ஆண்களையும் சேர்த்தது நல்லதே. அந்த மட்டில் வாயில் அகன்றிருக்கிறது. ஆனால் இருபது குழந்தைகள் என்ற பக்கவாயில் அடைபட்டுவிட்டது. நாற்பது பேர் வேலை செய்யும் தோட்டத்தில் இருபத்தைந்து குழந்தைகள் இருந்தாலும் தோட்டக்காரருக்குக் கடமை இல்லை! 2005-ம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டம் இந்த வகையில் மேலானதாக இருந்தது. வேலைத்தலத்துக்கு ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி, அவளுக்கும் கூலி கொடுக்கவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஏரியில் மண் வெட்டிய தாய்க்கு ஐந்து போதும் என்றிருக்கையில், ஏலக்காட்டில் காய் எடுக்கும் தாய்க்கு ஐம்பது வேண்டுமென்பது என்ன கணக்கு?

மூன்றாவது சொல் 'வேலை செய்யும் தாய்'. மத்திய சர்க்காரின் பழைய காப்பகத் திட்டத்தில் மாதத்தில் பதினைந்து நாளோ வருஷத்தில் ஆறு மாதமோ வேலை செய்பவளே அப்பெயருக்கு உரியவள். பிரசவ விடுப்புச் சட்டமும், முந்திய பன்னிரண்டு மாதங்களில் எண்பது நாள் வேலை செய்திருந்தால்தான் இருபத்தாறு வார விடுப்புக்குக் கூலி தரும். விதி தவறன்று, அத்தாட்சி எங்கே என்பதுதான் கேள்வி. செக்ரோலில் பெயர் ஏறாமல், கங்காணி கையிலோ வண்டிக்காரர் கையிலோ அன்றன்று கூலி வாங்கும் பெண் எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்? பெயர் ஏறாவிட்டால் நாள் இல்லை. நாள் இல்லாவிட்டால் விடுப்பு இல்லை, காப்பகமும் இல்லை. அவள் கையின் ஏலக்கறையே அத்தாட்சி என்றால் எந்தக் கச்சேரியும் ஏற்றுக்கொள்ளாது. 'பால்னா' திட்டத்தில் தாய் வேலைக்குப் போகிறாளா என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டிருக்கிறார்கள். இந்த ஒரு சீர்திருத்தத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

நான்காவது சொல் 'பயனாளி'. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் யாவரும் அங்கன்வாடியின் பயனாளிகள் என்று ஏடு சொல்லும். ஆனால் தமிழ்நாட்டில் மையத்தில் உட்கார்ந்து சோறும் முட்டையும் உண்பது இரண்டு வயது நிரம்பிய குழந்தை. அதற்குக் குறைந்த வயதினதற்குச் சத்துமாவு வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்படுகிறது. மாவு வீட்டுக்குப் போகிறது. வீட்டிலோ தாய் இல்லை! இரண்டு வயதான பிள்ளைக்கும் ஓர் இடையூறு உண்டு. அங்கன்வாடி திறப்பது ஜீப் புறப்பட்டு வெகுநேரம் கழித்து. மூடுவது ஜீப் திரும்புவதற்கு வெகுநேரம் முன்பு. உத்தியோகஸ்தர் குறிப்பேட்டில் அக்குழந்தை 'பயன் பெற்றது'. காலை, மாலை இரண்டு வேளையும் அது தெருவில் நின்றதை எந்தக் குறிப்பேடும் எழுதுவதில்லை.

ஐந்தாவது தடை ஒரு சொல் அன்று, ஓர் எல்லைக்கோடு. தாய் வாழ்வது தமிழ்நாடு, உழைப்பது கேரளம். அங்கன்வாடி, வசிக்கும் ஊரைக் கேட்கிறது. முதலாளியின் கடமை, வேலை செய்யும் இடத்தைக் கேட்கிறது. புதிய சட்டம் தாய் நாளொன்றுக்கு நான்கு முறை காப்பகத்துக்குச் சென்று குழந்தையைப் பார்த்துவர உரிமை தருகிறது. மலைக்கு அப்பால் நிற்கும் தாய்க்கும் இப்பால் கிடக்கும் சேய்க்கும் அந்த உரிமை ஏட்டுச்சுரைக்காயே. மூணாற்றுத் தேயிலைக்காக வெள்ளைக்கார முதலாளிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடி அடிவாரத்துக்குக் கம்பிவடப் பாதையே போட்டார்கள். அப்போதும் தேயிலைப் பெட்டி எல்லையில் தங்கவில்லை. இன்றும் ஏலக்காய் மூட்டை போடி ஏலமையத்துக்கு வரத் தடையில்லை. தடைபட்டு நிற்பது குழந்தையின் உரிமை ஒன்றுதான்.

இதன் பலனை யார் சுமக்கிறார்கள்? பாட்டி இருக்கும் வீட்டில் பாட்டி. இல்லாத வீட்டில் எட்டு வயது அக்காள். 2009-ம் வருஷத்துச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்கிறது. தம்பியை இடுப்பில் வைத்திருக்கும் பெண் பலகையை எந்தக் கையில் பிடிப்பாள்? ஒரு தொட்டில் இல்லாமையால் இரண்டு குழந்தைகள் கெடுகின்றன.

'சிறு தோட்டக்காரர் இந்தச் செலவைத் தாங்குவாரா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வியே. ஆனால் விடை சட்டத்திலேயே இருக்கிறது. 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, பல நிறுவனங்கள் பொருளைச் சேர்த்துப் பொதுக் காப்பகம் நடத்தலாம் என்றும், சர்க்கார் அல்லது நகரசபையின் காப்பகத்தைப் பயன்படுத்தலாம் என்றும் வெளிப்படையாகவே இடம் தருகிறது. ஒருவர் தாங்காததைப் பலர் தாங்கலாம். 'கிராமத்துத் தாய்மார் பிள்ளையை விட்டுப் போவார்களா?' என்று வேறு சிலர் கேட்பார்கள். 1969-ல் டில்லியில் கட்டட வேலை நடந்த இடத்திலேயே ஸ்ரீமதி மீரா மகாதேவன் குழந்தைகள் காப்பகம் தொடங்கினார். சித்தாள் வேலை செய்த தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இலங்கை மலைநாட்டில் நம்மவர் தோட்டங்களில் 'பிள்ளைக் காம்பரா' என்ற சொல்லே வழக்கில் இருக்கிறது. நம்பத்தக்க இடம் அருகில் இருந்தால் எந்தத் தாயும் பிள்ளையைத் தெருவில் விடமாட்டாள்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. முதலாவதாக, போடியில் ஜீப்புகள் புறப்படும் இடங்களுக்கு அருகிலும், குரங்கணி போன்ற அடிவார ஊர்களிலும் 'பால்னா' காப்பகங்களை நிறுவுக. அவை முதல் வண்டிக்கு முன் திறந்து கடைசி வண்டிக்குப் பின் மூடட்டும். இரண்டாவதாக, தாயின் வாக்குமூலமும் அங்கன்வாடி ஊழியரின் சான்றும் போதும் என்று உத்தரவிடுக; செக்ரோல் கேட்டுத் திருப்பியனுப்ப வேண்டாம். மூன்றாவதாக, தமிழ்நாடும் கேரளமும் ஓர் உடன்படிக்கை செய்து, ஏலத் தோட்டக்காரர்களின் கூட்டுப் பங்கை இந்த அடிவாரக் காப்பகங்களுக்குச் சேர வகை செய்க. நான்காவதாக, 1981-ம் வருஷத்து 'இருபது குழந்தைகள்' வாயிலை மீண்டும் திறக்க நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் போராடுக.

தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவது எளிது. அதற்குமுன் ஒரு வாரம் விடியற்காலையில் ஜீப் நிற்குமிடத்துக்குச் சென்று, ஏறும் தாய்மாரின் குழந்தைகளுக்கு ஒரு ஜாபிதா எழுதுங்கள். பெயர், வயது, பகலில் யார் பொறுப்பு என்ற மூன்றே பத்தி போதும். சர்க்கார் இதுவரை ஹெக்டேரை எண்ணியிருக்கிறது, ஆளை எண்ணியிருக்கிறது, நாளை எண்ணியிருக்கிறது. குழந்தையை எண்ணிக் காட்டுவது நம் கடமை. அந்த ஜாபிதாவுடன் கலெக்டர் கச்சேரிக்குப் போனால், தகுதி எது என்ற வாதத்துக்கே இடமிராது. ஆறு வயதுக்குட்பட்டிருப்பதும், தாய் மலையில் இருப்பதும் தவிர வேறு தகுதி அந்தக் குழந்தைக்கு எதற்கு?