பூளையா, பீளையா? காப்புப்பூவின் பெயர் குறித்து ஒரு கருத்து

சங்க இலக்கியத் தாவரங்களை அடையாளங்காணும் ஆய்வுகளில், பூளை என்னும் சொல்லுக்கு நேராகச் ‘சிறுபீளை’ என எழுதி அமைந்துவிடும் போக்கு காணப்படுகிறது. அது சித்த மருத்துவ வழக்கு, பிழையன்று. ஆயின் அவ்வடிவத்தையே மூலமாகக் கொண்டு, கண்ணில் திரளும் பீளையால் இச்செடி பெயர் பெற்றது என விளக்குவது ஏற்புடையதன்று.

சேலத்தை அடுத்துச் சேர்வராயன் மலையடிவாரத்தில் அமைந்த கொண்டப்பநாயக்கன்பட்டிப் பகுதியில், பொங்கற்காப்பில் வேப்பிலை, ஆவாரம்பூ ஆகியவற்றோடு செருகப்படுவது பூளைப்பூ. பேச்சில் அது ‘பூலாப்பூ’. ‘பீளைப்பூ’ என்று சொல்லக் கேட்டதில்லை. தை மாதத்தில் வரப்போரங்களில் இதன் கதிர்கள் வெண்பஞ்சு போர்த்தாற்போல் நிற்கும். அப்பஞ்சே பெயர்க்காரணம் என்பது என் துணிபு. பூளை என்பது இலவமரத்திற்கும் பெயர். மலையாளத்தில் ‘பூள’ என்பதும் இலவே. அம்மொழியில் தசபுஷ்பங்களுள் ஒன்றாகிய இச்செடியின் பெயர் ‘செறூள’, அதாவது சிறுபூளை. அங்கும் நிலைத்திருப்பது ஊகாரமே. ஏர்வா லனேட்டா என்னும் தாவரவியற்பெயரின் பின்னொட்டும் கம்பளிமயிர் உடையது என்றே பொருள்படும். தொடர்பற்ற இரு மரபுகள் ஒரே பண்பைக் கண்டு பெயரிட்டிருக்கின்றன.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வரகுச்சோற்றுக்குப் பூளைப்பூவை உவமையாக்குகிறார். விருந்தினர்க்குப் படைக்கும் சோற்றுக்குக் கண்ணழுக்கின் பெயர் தாங்கிய பூவை உவமை கூறுவரோ? இது சுவை பற்றிய வாதமேயன்றிச் சொல்லியற் சான்றாகாது எனலாம், எனினும் புறந்தள்ளத்தக்கதன்று. கண்ணில் திரள்வதையும் பூளை என வழங்குவதுண்டு. வெண்திரளின் தோற்ற ஒப்புமையால் அது பின்னர் எழுந்த பொருளாகலாம். ஊகாரம் ஈகாரமாதலுக்குக் கோவையின் பீளமேடு, பூளைமேடு என்பதன் திரிபெனக் கூறப்படுவதை ஒப்புநோக்கலாம்.

சிக்கல் அகராதியோடு முடிவதில்லை. களப்பணியில் தகவலாளர் ‘பூலாப்பூ’ என்கிறார். ஆய்வாளர் ‘சிறுபீளை’ எனத் திருத்தி எழுதுகிறார். பத்துப்பாட்டு வழங்கிய சொல் இன்றும் உழவர் வாயில் உயிரோடிருப்பதற்கான சான்று, அத்திருத்தத்தில் அழிகிறது. சொன்ன வடிவத்தை ஊர்ப்பெயரோடு முதலிற் பதிந்து, மருத்துவப்பெயரை அடைப்புக்குறிக்குள் தருவதே முறை. பின்னிணைப்பிலுள்ள தாவரப்பெயர்ப் பட்டியல்களை மதிப்பீட்டாளர்களும் இந்நோக்கில் சரிபார்த்தல் வேண்டும்.